கிராம் கணக்கில் ஒரு வள்ளன்மை

ஒரே பாறையிலிருந்து ஈயத்தையும் துத்தநாகத்தையும் பிரித்தெடுக்கும் ஆலைகளின் பெருமக்களே, உங்களைப் புகழ ஆள் இல்லை. தங்கம் எடுப்பவர்களைப் பற்றித்தான் உலகம் பேசுகிறது. அவர்கள் சயனைடு வாங்கினால் செய்தி, அவர்களுடைய கழிவுக்குளம் உடைந்தால் தலைப்புச் செய்தி. அதே சோடியம் சயனைடை நூறாண்டுகளாக நுரைத்தொட்டியில் ஊற்றிவரும் உங்களை ஊர் கண்டுகொள்ளவே இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த வாழ்த்துமடல். இதில் உள்ள புகழ் ஒன்றுகூடக் கூட்டிச் சொன்னதில்லை. எல்லாம் உங்கள் ஆலையிலேயே சரிபார்த்துக்கொள்ளக்கூடியவை.

முதலில் உங்கள் நன்றி மறவாமையைச் சொல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் மலைமலையாகக் கழிவு கிடந்தது. அதற்குள் துத்தநாகம் இருந்தது, எடுக்கத்தான் வழியில்லை. நுரை மிதப்பு முறை வந்து அந்த மலைகளுக்கு விலை கொடுத்தது. தாதுவை மாவாக அரைத்து, தண்ணீரில் கூழாகக் கலக்கி, உலோகக் கனிமத் துகளின் மேற்பரப்பு நீரை ஒதுக்கும்படி செய்யும் மருந்தைச் சேர்த்து, அடியிலிருந்து காற்றை விட்டால், துகள்கள் குமிழிகளைப் பற்றிக்கொண்டு மேலே வருகின்றன. நுரையை வழித்தெடுத்தால் அதுதான் செறிவூட்டிய தாது. பாறை மண் அடிவழியே போய்விடுகிறது. உலகின் செம்பு, ஈயம், துத்தநாகத்தில் பெரும்பங்கு இன்றும் இந்த நுரையில் ஏறித்தான் வருகிறது.

ஆனால் நுரைக்கு ஆளடையாளம் தெரியவில்லை. ஈயத்தைத் தாங்கும் கலீனாவோடு துத்தநாகத்தைத் தாங்கும் ஸ்பாலரைட்டும், ஒன்றுக்கும் உதவாத பைரைட்டும் சேர்ந்து ஏறின. உருக்காலைகள் கலப்புத் தாதுவுக்கு விலையைக் குறைத்தன. அந்த நேரத்தில்தான் அமெரிக்காவின் மொன்டானாவில் ஷெரிடன், கிரிஸ்வோல்ட் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். 1922-இல் காப்புரிமை பெற்றார்கள். கூழில் கொஞ்சம் சயனைடு சேர்த்தால் துத்தநாகமும் பைரைட்டும் அடங்கிக் கீழே இருந்துவிடும், ஈயம் மட்டும் மேலே வரும். ஈயத்தை எடுத்தபின் செம்பு சல்பேட் ஊற்றினால் துத்தநாகம் விழித்தெழுந்து அடுத்த தொட்டியில் மிதக்கும். அழகான வேதியியல். சயனைடு ஸ்பாலரைட்டின் மேல் ஒட்டியிருக்கும் செம்பு அயனிகளைப் பிடுங்கித் தன்னோடு கட்டிக்கொள்கிறது. செம்பு இல்லாத ஸ்பாலரைட்டை, துகளை நீர் ஒதுக்கச் செய்யும் சாந்தேட் என்ற பற்றுமருந்து எளிதில் பற்றுவதில்லை. பைரைட்டின் மேல் இரும்பு சயனைடுப் படலம் படிந்து அதையும் மூடிவிடுகிறது.

அந்த உதவியை நீங்கள் மறக்கவில்லை. விமானம் மாறியது, தொலைபேசி மாறியது, உங்கள் ஆலையின் மோட்டாரும் பம்பும் கணினித் திரையும் மாறின. சயனைடு மட்டும் தன் தொட்டியில் அப்படியே இருக்கிறது. நன்றியில் இன்னொரு சிறப்பும் உண்டு: வேண்டியவரை மட்டும் நினைப்பது. சயனைடோடு தொடக்கத்திலேயே இன்னொன்றும் வந்தது. துத்தநாக சல்பேட். அதுவும் ஸ்பாலரைட்டை அடக்கும் என்பது அந்த முதல் ஆண்டுகளிலேயே தெரிந்தது. ஒரே தொட்டிலில் கிடந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று நஞ்சு, மற்றது அவ்வளவு நஞ்சில்லாதது. எந்தப் பிள்ளைமீது உங்கள் கை நீண்ட நாள் தங்கியிருந்தது என்பதற்கு நூறு ஆண்டுகள் சாட்சி.

இரண்டாவது, உங்கள் அடக்கம்.

தங்க ஆலை டன்னுக்கு நூற்றுக்கணக்கான கிராம் சயனைடு செலவழிக்கிறது, சில இடங்களில் கிலோக் கணக்கில். நீங்களோ சில பத்துக் கிராமிலிருந்து நூறு, இருநூறு கிராம் வரைதான் சேர்க்கிறீர்கள். இந்தச் சிறிய எண்ணைச் சொல்லும்போது உங்கள் குரலில் இருக்கும் பணிவு எனக்குப் பிடிக்கும். யாராவது கேள்வி கேட்டால், "தங்க ஆலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நாங்கள் சேர்ப்பது ஒன்றுமே இல்லை" என்கிறீர்கள். உண்மைதான். நானும் உங்கள் அடக்கத்தைக் கொஞ்சம் பெருக்கிப் பார்த்தேன். ஆண்டுக்கு 10 லட்சம் டன் தாது அரைக்கும் ஆலை, டன்னுக்கு 100 கிராம் என்றால் 100 டன் சோடியம் சயனைடு. ஒரு மனிதரைக் கொல்ல ஏறக்குறைய 200 முதல் 300 மில்லிகிராம் போதும். இவ்வளவு பெரிய ஆற்றலைக் கையில் வைத்துக்கொண்டு கிராம் கணக்கில் பேசுவது எல்லோருக்கும் வராத பண்பு.

மூன்றாவது உங்கள் கொடை. இதைத்தான் உலகம் அறவே கவனிக்கவில்லை.

ஈயத் தாதுவோடு பெரும்பாலும் வெள்ளி சேர்ந்து வரும், சில இடங்களில் தங்கமும். சுரங்கத்தின் வரவுசெலவில் வெள்ளி சிறிய பங்கு அல்ல. சயனைடுக்குத் தங்கத்தையும் வெள்ளியையும் கரைக்கும் குணம் உண்டு; அதை வைத்துத் தாதுவிலிருந்து தங்கம் எடுக்கும் வழியை 1887-இலேயே மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தங்க ஆலைகளே அதை வாங்கத் தொடங்கின. நீங்கள் அந்த மருந்தையே கூழில் ஊற்றும்போது உங்கள் வெள்ளியின் ஒரு பங்கு கரைந்து கழிவுநீரோடு போய்விடுகிறது. தங்க ஆலை கரைந்ததைத் திரும்ப எடுக்கிறது. உங்களிடம் அதற்கான தொட்டி இல்லை. கணக்கில் அது கழிவு நட்டம் என்ற ஒரு வரியாகப் போகிறது. பூமி கொடுத்த வெள்ளியை விலை கொடுத்துத் தோண்டி, விலை கொடுத்து அரைத்து, விலை கொடுத்து வாங்கிய நஞ்சில் கரைத்துக் கழிவுக்குளத்துக்கே தானமாகத் தந்துவிடுவது. இதைவிடப் பெரிய கொடை எங்கே இருக்கிறது?

இந்தக் கொடைக்கு இரண்டாம் பாகமும் இருக்கிறது. தாதுவில் சால்கோசைட் போன்ற இரண்டாம் நிலைச் செம்புக் கனிமங்கள் இருந்தால் சயனைடு அவற்றையும் கரைக்கிறது. எந்தச் செம்பைத் துத்தநாகத்திடமிருந்து விலக்கி வைக்க சயனைடு வந்ததோ, அதே செம்பைத் தண்ணீருக்குள் கூட்டி விடுகிறது. அதை அடக்க இன்னும் கொஞ்சம் சயனைடு. பிறகு துத்தநாகத்தை எழுப்பும் நேரம் வரும்போது, ஊற்றும் செம்பு சல்பேட்டின் ஒரு பகுதியை மிச்சமிருக்கும் சயனைடு கட்டிப்போட்டுவிடுகிறது. அதை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் செம்பு சல்பேட். முதலில் அடக்கக் காசு, பிறகு எழுப்பக் காசு. இரு கையாலும் கொடுக்கும் இந்த மனம் எல்லா வணிகருக்கும் வாய்க்காது.

நான்காவது உங்கள் வீரம், அல்லது உங்கள் தொழிலாளியின் வீரம். இரண்டையும் ஒன்றாகவே நீங்கள் கருதுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

சயனைடு கரைசலின் பிஎச் அளவு சுமார் 9.2-ஆக இருக்கும்போது, அதில் உள்ள சயனைடில் பாதி ஹைட்ரஜன் சயனைடாக மாறியிருக்கும். பிஎச் 8-க்கு இறங்கினால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அப்படித்தான். அது 26 டிகிரியில் கொதிக்கும் பொருள். நம் ஊர் வெயிலில் அதற்கு அடுப்பு தேவையில்லை. ஈயம் மிதக்கும் தொட்டிகள் பெரும்பாலும் பிஎச் 8-க்கும் 10-க்கும் நடுவில் ஓடுகின்றன. அந்த நடுப்பகுதியில்தான் இந்த மாற்றம் நடக்கிறது. தொட்டியின் அடியிலிருந்து நீங்களே காற்றை விடுகிறீர்கள். அது வாயுவை மேலே எடுத்துவருகிறது. கசப்புப் பாதாம் வாசனை வந்தால் ஓடலாம் என்கிறார்கள். பிறப்பிலேயே அந்த வாசனை தெரியாத மனிதர்களும் இருக்கிறார்கள். வேலைக்குச் சேரும்போது மூக்கைச் சோதித்து எடுக்கும் வழக்கம் நான் அறிந்த வரை இல்லை. அளவுமானி இருக்கிறது, எச்சரிக்கை மணி இருக்கிறது. பிஎச்சை உயர்த்திவைக்கும் சுண்ணாம்புக் குழாய் அடைத்துக்கொண்ட இரவில், அந்த மணி ஒலிக்கிறதா இல்லையா என்று அந்த நடைமேடையில் நிற்பவனுக்குத்தான் தெரியும். ஷிஃப்ட் மாறும்போது சயனைடு குறைத்த ஆபரேட்டருக்கு யாரும் மாலை போடுவதில்லை. துத்தநாகம் ஈயத்தில் ஏறிவிட்டால் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அதனால் அவன் கை தாராளமாகத் திறக்கிறது. அவன் பயத்தை அவனுடைய தவறு என்று எழுதாமல், மருந்துச் செலவு என்று எழுதும் உங்கள் பெருந்தன்மையையும் குறிப்பிட வேண்டும்.

ஐந்தாவது உங்கள் பொறுமை.

பூட்டிய பெட்டியைத் திறக்கச் சாவி தேடுபவர் உண்டு. நீங்கள் அதன்மேல் நஞ்சை ஊற்றிவிட்டு, திறக்கும் வரை காத்திருக்கிறீர்கள். ஸ்பாலரைட் துகளுக்குள் கலீனா சிக்கிக் கிடந்தால் அந்தத் துகளை எந்த மருந்தும் பிரிக்காது. அரைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரு கலப்புத் துகளின் ஒரு பக்கம் ஈயம், மறுபக்கம் துத்தநாகம் என்றால், சயனைடு எவ்வளவு கொட்டினாலும் அது இரண்டில் ஏதாவது ஒரு பக்கத்தோடுதான் போகும். நுண்ணோக்கியில் தாதுவைப் பார்த்தால் இது ஒரே நாளில் தெரியும். ஆனால் அரவை இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும், மறுஅரவைக்கு முதலீடு வேண்டும். சயனைடுக்கு வேண்டியது ஒரு டோசிங் பம்பும் ஒரு வால்வும். ஆகவே பிரியாத துகளையும் சயனைடே பிரிக்கட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை உங்களிடம் இருக்கிறது. கனிமம் பிரியவில்லை, பழக்கமும் பிரியவில்லை.

ஆறாவது, சூரியன்மேல் உங்கள் நம்பிக்கை.

கழிவுக்குளத்தைப் பற்றிக் கேட்டால் நீங்கள் வானத்தைக் காட்டுகிறீர்கள். வெயிலில் சயனைடு தானாக அழிந்துவிடும் என்கிறீர்கள். இதிலும் உண்மை இருக்கிறது. ஒரு பங்கு காற்றில் கலக்கிறது, ஒரு பங்கு ஆக்சிஜனோடும் நுண்ணுயிரோடும் சேர்ந்து சிதைகிறது. கன உலோகத்தைப் போல அது மீனின் சதையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்வதில்லை. இவ்வளவும் சயனைடுக்கு நியாயம் செய்து சொல்ல வேண்டியவை. ஆனால் இரும்போடு சேர்ந்த சயனைடு எளிதில் அசையாது என்பதால் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறீர்களே, அதே சூரியனின் புற ஊதாக் கதிர் அந்தக் கட்டை அவிழ்த்துச் சயனைடை மறுபடி வெளியே விடுகிறது. உங்களுக்கு உதவ வந்த வெயில், குளத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்தே வேலை செய்கிறது. குளிர்காலத்தில் சிதைவு மெதுவாகிறது. பனி மூடிய குளத்தில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கந்தகத்தோடு சேர்ந்தது தயோசயனேட்டாகிறது. அது வேறு பெயரில் அதே தண்ணீரில் மிதக்கிறது. சூரியனை நம்பியிருக்கும் நீங்கள் சூரியனுக்குக் கூலி கொடுத்ததில்லை. ஆற்றுக்கும்தான்.

இந்த நம்பிக்கையின் உயர்ந்த எடுத்துக்காட்டை ருமேனியாவின் பாயா மாரே நகரம் பார்த்திருக்கிறது.

அங்கே மிதப்பு ஆலைகளின் பழைய கழிவுக்குளம் ஒன்று ஊருக்குள்ளேயே இருந்தது. காற்றடித்தால் தூசி வீடுகளுக்குள் வந்தது. நீங்கள் எடுக்காமல் விட்ட தங்கமும் வெள்ளியும் அந்தக் கழிவுக்குள் இருந்தன. அவுருல் என்ற நிறுவனம் வந்து 1999-இல் வேலையைத் தொடங்கியது. ஊரைச் சுத்தப்படுத்துவோம், கழிவைக் கூழாக்கி எடுத்துச் செல்வோம், சயனைடில் கரைத்துத் தங்கம் எடுப்போம், மிச்சத்தை ஊருக்கு வெளியே புதிய குளத்தில் வைப்போம் என்றது. திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. புதிய குளத்திலிருந்து தண்ணீர் வெளியே போகாது, சுற்றிச் சுற்றித் திரும்ப வரும் என்றார்கள். ஆனால் மழையும் பனியும் வந்து சேர்ந்தால் எங்கே போகும் என்பதற்கு அதில் இடம் ஒதுக்கவில்லை. 2000 ஜனவரி 30 இரவு, உருகிய பனியும் கனமழையும் சேர்ந்ததால் அணை உடைந்தது. சுமார் ஒரு லட்சம் கனமீட்டர் சயனைடு நீர் லாபுஷ், சோமெஷ் ஆறுகளில் இறங்கி ஹங்கேரிக்குள் திசா ஆற்றில் நுழைந்து, அங்கிருந்து டான்யூப் வரை போனது. ஹங்கேரியில் மட்டும் 1,200 டன்னுக்கு மேல் மீன் செத்தது. சயனைடு அலை கருங்கடலை நோக்கிச் சுமார் 2,000 கிலோமீட்டர் ஆற்றுவழியில் நான்கு வாரங்கள் பயணம் செய்தது.

அங்கே செத்த மீன்களைப் பற்றி நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும்: அது தங்கம் எடுத்தவர்களின் சயனைடு, எங்களுடையதல்ல. சரி. அந்தக் கழிவு மட்டும் உங்களுடையது. ஒரு கைக்கு எட்டாமல் போன தங்கத்தை எடுக்க இன்னொரு கை வந்தது. முதல் கை அதில் ஒரு பங்கைக் கரைத்து விட்டதா, அரைப்பு போதாமல் விட்டதா என்று யாரும் கேட்கவில்லை. நீங்கள் விட்டுப்போன மண்ணே அடுத்தவருக்குச் சுரங்கம். அவருடைய அணையே அதற்கடுத்தவரின் ஆறு. இப்படித் தலைமுறைகளுக்குச் சொத்து வைத்துப் போகும் மனம் யாருக்கு உண்டு!

அந்த இரவுக்குப் பிறகு உலகம் விழித்தது. தங்கச் சுரங்கங்களுக்காகச் சர்வதேசச் சயனைடு மேலாண்மை விதித்தொகுப்பு ஒன்று எழுதப்பட்டது. பறவைகள் இறங்கும் திறந்த நீரில், பலமற்ற அமிலத்தில் பிரியும் சயனைடு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அதில் ஓர் அளவுகோல். பிறகு வெள்ளியையும் அதற்குள் சேர்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் இன்னும் கடுமையான சட்டம் செய்தது. கழிவுக்குளத்துக்குப் போகும் நீரில் இந்த அளவு 2008-இல் 50, 2013-இல் 25, 2018-இல் 10 மில்லிகிராமாக இறங்க வேண்டும் என்றது. புதிய குளமாக இருந்தால் முதல் நாளிலிருந்தே 10.

ஏழாவது புகழை இங்கேதான் சொல்ல வேண்டும்: உங்கள் நாவடக்கம். தங்கமும் வெள்ளியும் என்று எழுதிய விதித்தொகுப்பில் ஈயம் இல்லை, துத்தநாகம் இல்லை, செம்பு இல்லை. நுரைத்தொட்டியில் ஊற்றினால் சயனைடுக்குச் சுபாவம் மாறுகிறதா? மாறவில்லை. அளவு குறைவு, அவ்வளவுதான். அந்த வாசல் திறந்திருக்கிறது என்று நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் இல்லை. பிறர் வீட்டு விருந்துக்கு அழைக்காமல் போகாத நல்ல பழக்கம் உங்களுடையது.

நம் நாட்டில் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது அளவுகோல், உள்நாட்டு மேற்பரப்பு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் சயனைடு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு வைத்த எல்லை 0.05. இந்த இரண்டாவது எண்ணை அப்படியே ஆற்றுக்குள் எடுத்துப் போனால், லிட்டருக்கு 0.05 முதல் 0.2 மில்லிகிராம் என்ற எல்லைக்குள்ளேயே நுண்ணுணர்வுள்ள மீன்கள் சாகத் தொடங்குகின்றன. மனிதன் குடிக்கலாம் என்று சொன்ன நீரிலும் சில மீன்களுக்கு வாழ இடமில்லை. எங்கள் ஆலை வெளியே ஒரு சொட்டும் விடுவதில்லை, எல்லா நீரையும் குளத்திலிருந்து திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்பீர்கள். இந்தியாவின் ஈய, துத்தநாகத் தாதுவில் பெரும்பங்கு ராஜஸ்தானில் இருக்கிறது. தண்ணீர் அரிதான அந்த நிலத்தில் திருப்பி எடுப்பது அறமும் அவசியமும். ஆனால் திருப்பி எடுக்கும் நீரோடு கரைந்த செம்பும் மிச்சச் சயனைடும் திரும்ப வருகின்றன. நேற்று ஊற்றியது இன்றைய கூழைக் கலக்குகிறது. அது புரியாமல், இன்று வேலை செய்யவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறீர்கள். தண்ணீர் சிக்கனத்தில் உங்கள் மிச்சம், மருந்துச் செலவில் உங்கள் கொடை.

சயனைடு எதை விட்டுச் செல்லும் என்று தமிழர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கோலார் தங்கவயலில் நூறாண்டுக்கு மேல் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலானோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. கம்பெனி போனது, சம்பளம் போனது, ஓய்வூதியக் கேள்விகள் நீதிமன்றங்களில் அலைந்தன. ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகள் மட்டும் போகவில்லை. தங்கம் கரைத்தெடுத்தபின் கொட்டிய அந்த அரைமாவுப் புழுதி காற்று வீசும் மாதங்களில் வீட்டுக்குள் வருகிறது. அது தங்க ஆலையின் மேடு, உங்களுடைய மிதப்பு ஆலையின் மேடு அல்ல. ஆனால் ஆலை போனபின் மேடு யாருடையது என்ற கேள்வி எல்லா மேட்டுக்கும் ஒன்றுதான்.

இதுவரை உங்களிடம் இருப்பதைப் புகழ்ந்தேன். உங்களிடம் இல்லாமல் நீங்கள் மறுத்துவரும் செல்வத்தையும் சொல்லிவிட வேண்டும். எட்டாவது புகழ் அது: உங்கள் துறவு.

ஜப்பானில் குரோகோ வகைத் தாதுக்களைப் பிரித்தவர்கள் கந்தக டை ஆக்சைடை வைத்துத் துத்தநாகத்தை அடக்கினார்கள். சீனாவின் பல ஈய, துத்தநாக ஆலைகள் துத்தநாக சல்பேட்டையும் சோடியம் சல்பைட்டையும் சேர்த்து, சயனைடே இல்லாமல் ஓடுகின்றன. சுண்ணாம்பாலும் காற்றூட்டலாலும் பைரைட்டை அடக்கும் ஆலைகள் உண்டு. மெட்டாபைசல்பைட், டெக்ஸ்ட்ரின், கரிம பாலிமர்கள் என்று ஆய்வகங்களில் மட்டுமன்றித் தொட்டிகளிலும் ஓடிய மருந்துகள் உண்டு. சாந்தேட்டை விட இரும்பை வெறுத்து ஈயத்தை விரும்பும் பற்றுமருந்துகள் உண்டு. அவற்றைப் போட்டால் பைரைட்டை அடக்க வேண்டிய தேவையே பாதியாகக் குறைந்துவிடும். அரவை உருளையில் போடும் சாதாரண எஃகுப் பந்தை அதிகக் குரோமியம் உள்ள பந்தாக மாற்றினால், கூழில் இரும்பு கரைவது குறைந்து பிரிப்பு தெளிகிறது. இவை எல்லாமே உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எட்டியும் எடுக்காமல் இருப்பது துறவல்லாமல் வேறென்ன?

இந்தத் துறவுக்குக் காரணம் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. சல்பைட் காற்றோடு சேர்ந்து சீக்கிரம் வீணாகிறது. சயனைடைவிட அதிக எடை தேவை. மெட்டாபைசல்பைட்டை அமிலக் கூழில் போட்டால் கந்தக டை ஆக்சைடு கிளம்பும். அதற்கும் மணி வேண்டும், முகமூடி வேண்டும். தாதுவுக்குத் தாது மருந்து மாறும். ஓர் ஆலையில் வென்றது அடுத்த ஆலையில் தோற்கலாம். மாற்று மருந்துக்கு இயந்திரத்தைவிடக் கவனம் அதிகம் வேண்டும். சயனைடின் மாபெரும் அருள், கவனம் கேட்காததுதான். கூடுதலாகப் போட்டால் உடனே உங்களைக் காட்டிக்கொடுக்காது. அதன் தவறு உங்கள் ஆலைக்குள் தெரியாது. குளத்தில், ஆற்றில், அடுத்த தலைமுறையின் கணக்கில் தெரியும். இப்படிப்பட்ட பணியாளரை விட யாருக்கு மனம் வரும்!

புகழுரை முடிந்தது. வாழ்த்துமடலில் வேண்டுகோள் வைப்பது மரபு, அதையும் நேராகவே வைக்கிறேன்.

நாளைக்கே சயனைடைத் தூக்கி எறியுங்கள் என்று கேட்கவில்லை. முதலில் அளந்துபாருங்கள். கூழில் கட்டற்ற சயனைடு எவ்வளவு மிஞ்சுகிறது என்று வெள்ளி நைட்ரேட் கொண்டு சோதிக்கும் பழைய முறை இன்றும் ஒரு பள்ளி ஆய்வகத்துக்குள் அடங்கும். அந்த எண்ணைப் பார்த்தாலே, தேவைக்கு மேல் எவ்வளவு போகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு, எல்லாவற்றையும் அரவையின் முன்பே கொட்டாமல், எந்தத் தொட்டிக்கு வேண்டுமோ அங்கே மட்டும் பிரித்துச் சேருங்கள். பல ஆலைகளில் கடைசித் தூய்மைத் தொட்டியில் கொஞ்சம் போதும். பிஎச்சைக் காப்பாற்றுங்கள், அது தொழிலாளியின் மூச்சு. சிக்கிய துகளை நுண்ணோக்கியில் பாருங்கள். அரைக்க வேண்டியதை அரையுங்கள். ஒரு தொட்டித் தொடரில் துத்தநாக சல்பேட்டையும் சல்பைட்டையும் வைத்துச் சில மாதம் ஓட்டிப்பாருங்கள். வெள்ளி எவ்வளவு திரும்பி வந்தது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மருந்துச் செலவை மட்டும் எழுதும் கணக்கு, இழப்பில் பாதியை மறைக்கும் கணக்கு. குறைத்த ஆபரேட்டருக்கு மாலை போடுங்கள்.

கடைசியாக ஒன்று. டன்னுக்கு எத்தனை கிராம் சயனைடு போகிறது, குளத்து நீரில் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற இரண்டு எண்களை மாதந்தோறும் ஆலை வாசலில் பலகையில் எழுதி வையுங்கள். ஊராட்சித் தலைவர் படிக்கட்டும், ஆடு மேய்ப்பவர் படிக்கட்டும், உங்கள் பங்குதாரரும் படிக்கட்டும். பெரிய விதித்தொகுப்பு வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஈயத்தை விதித்தொகுப்பில் சேர்க்காதவர்கள் உங்கள் வாசலில் பலகை மாட்டக் கூடாது என்றும் எழுதிவைக்கவில்லை. அந்த எண்கள் ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே வருவதைப் பார்த்தால் இன்னொரு வாழ்த்துமடல் எழுதக் காத்திருக்கிறேன். இதில் உள்ள எட்டுப் புகழும் அதில் இருக்காது. ஆலையைக் காத்துக்கொண்டே ஆற்றையும் காத்தார்கள் என்ற ஒன்றே போதும்; அதை இரண்டாம் முறை படித்துப் பார்த்து உள்ளே வேறு பொருள் இருக்கிறதா என்று யாரும் தேட வேண்டியிருக்காது.